துருவுக்கு ஒரு குறிப்பு

ஒரே பக்கம்தான் எழுதினேன்.
முலாம் பூசாத இரும்புக் கம்பி, பதினொன்று.
தண்ணீர்த் தொட்டிக்கும் மாடிப்படித் தலைப்புக்கும் நடுவே
இழுத்துக் கட்டு.
ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு காலி எண்ணெய் டின்.
சுருதி ஒருமுறை சேர்.
பிறகு தொடாதே.
கடைசிக் கம்பி அறும்போது கச்சேரி முடிகிறது.

நிதி கொடுத்த அலுவலகத்தின் படிவத்தில்
'நிகழ்ச்சியின் நீளம், நிமிடங்களில்' என்று ஒரு கட்டம்.
உப்பு என்று நிரப்பினேன்.

திருவொற்றியூரில் உப்பு சும்மா இருப்பதில்லை.
ஜன்னல் கிராதியை மூன்று மழைக்காலத்தில் தின்றுவிடும்.
ஃபிரிட்ஜின் காலை, சைக்கிளின் கழுத்தை,
எதிர்வீட்டு கேட்டின் 'நாய்கள் ஜாக்கிரதை' தகட்டில்
நாய்களை மட்டும்.

சுருதி சேர்த்தது எபநேசர்.
மணலியில் வெல்டர், ஞாயிறுகளில் சபையில் பேஸ் கிதார்.
"கலையறதுக்கா இவ்ளோ கரெக்டா சேக்குறோம்?" என்றார்
ஸ்பேனரைத் துடைத்தபடி.
ஆமாம் என்றேன்.
கூலியில் ஐம்பது ரூபாய் கூட்டிக் கேட்டார்.

ஆழ்வார்பேட்டையிலிருந்து முதல் நாள் பதினாறு பேர்.
எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார்கள்.
காற்று வரவில்லை.
டீ குடித்துவிட்டுப் போனார்கள்.
ஏழு மணிக்குக் கடல்காற்று வந்தது.
பதினொன்றும் ஒன்றாக முனகின,
எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள்
கியர் மாற்றும் அதே ஸ்தாயியில்.
எது கம்பி, எது லாரி என்று
நாற்பது நிமிடம் நின்று பிரித்தேன்.
பிரித்த பிறகு
பிரித்திருக்க வேண்டாம் என்று இருந்தது.

பதினேழாம் நாள்.
ஏழாவது கம்பியில் ஈரப் போர்வை.
கீழ்ப் போர்ஷன் தேசம்மாள், குறிப்பைப் படிக்காதவர்.
எழுதிய நான் படியில் உட்கார்ந்து
'தொடாதே' என்ற சொல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.
அது யாருக்கு? என் கைக்கு.
போர்வை என் கை இல்லை.
சாயங்காலம் அவர் அதை உருவிக்கொண்டு போனபின்
கம்பி பழைய இடத்துக்கு ஏறவில்லை.
ஒரு சுரத்தில் கால்வாசி கீழே தங்கிவிட்டது.
யோசித்து எழுதியிருந்தால்
அந்தக் கால்வாசி எனக்குத் தோன்றியிருக்காது.

ஐம்பத்திரண்டாம் நாள், காலை 11.40.
கேபிள்காரர் மூன்றாவதை வெட்டிவிட்டு
அதே ஆணியில் தன் கறுப்பு வயரைக் கட்டிப் போயிருக்கிறார்.
அறுந்ததா, அறுக்கப்பட்டதா?
குறிப்பில் விடையில்லை. நேரத்தை மட்டும் எழுதினேன்.
கறுப்பு வயருக்குக் காற்றில் குரல் இல்லை.
எட்டு வீட்டுச் சீரியல் அழுகை
அதற்குள்ளே சத்தமில்லாமல் போகிறது.

ஐப்பசியில் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
ரெயின்கோட், டார்ச், ரெக்கார்டர்,
இரண்டு செட் பேட்டரி.
விடிய விடிய மாடிப்படியில்.
டின்கள் ஊளையிட்டன. ஒரு கம்பியும் அறவில்லை.
நான்கு நாள் கழித்து, இலை அசையாத மத்தியானம்,
நான் கறிவேப்பிலை வாங்கப் போயிருந்த பத்து நிமிடத்தில்
நான்காவது போனது.
பார்த்தது காக்கை. அதுவும் முழுதாகப் பார்த்ததா தெரியாது.

அதன் பிறகு காத்திருப்பதை விட்டேன்.
விட்டேன் என்று சொல்கிறேனே தவிர
பால் பொங்கும்போதுகூட ஒரு காது மேலேதான்.

இன்றைக்கு ஐந்து மிச்சம்.
விரலை வைத்தால் செம்மண் நிறத்தில் ஒட்டுமாம்.
நான் வைத்ததில்லை. அவர் புடவையில் பார்த்தேன்.
"இன்னும் எத்தினி நாளைக்குப்பா இது?" என்றார்
பக்கெட்டை இறக்கி வைத்து.
தெரியவில்லை என்றேன்.
கிளிப்பை வாயிலிருந்து எடுக்காமலே
ஏழாவதைச் சுண்டினார், தலை சாய்த்துக் கேட்டார்,
வேண்டாம் என்று நகர்ந்தார்.
ஒன்பதாவதைச் சுண்டினார்.
"இது தாங்கும்."

பெட்ஷீட்டை உதறினார்.
நான் நோட்டைத் தேடினேன்.